வீடில்லாத நெருப்புகள்

நெருப்பு விக்கிறது லேசான தொழில் எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ. சோறு விக்கலாம், சீலை விக்கலாம், இன்சூரன்ஸ் கூட வித்துப்போடலாம். பிறந்ததிலயிருந்து வெய்யிலுக்க நிண்டு காஞ்ச சனத்துக்கு, "இந்தாங்கோ, இது ஒரு அடுப்பு, இதில சமைக்கேலாது, சும்மா முன்னால இருந்து பாக்கத்தான்" எண்டு சொல்லி வித்துப் பாருங்கோ, அப்ப தெரியும். தொண்ணூறுகளில ரொறன்ரோவுக்கு வந்து, கிடைச்ச வேலையில கொழுவிக்கொண்டு, பஸ் தரிப்பில நிண்டு மூக்கு விறைச்ச எல்லாரும் என்ர சொந்தக்காரர்தான். உங்களுக்குத்தான் இந்தக் கதை.

கடை கெனடி றோட்டில. முதலாளி மாரியோ எண்டு ஒரு இத்தாலிக்காரர். எங்கட ஆக்கள் மார்க்கம், விட்பி எண்டு புது வீடுகள் வாங்கத் தொடங்கின நேரம். அவைக்கு ஃபயர்பிளேஸ் விக்கத் தமிழ் கதைக்கிற ஒருத்தன் வேணும் எண்டு என்னை எடுத்தவர். நான் அதுவரைக்கும் ஒரு ஃபயர்பிளேசைக் கிட்டப்போய்ப் பாத்ததே இல்லை. அதை நான் சொல்லேல்லை, அவரும் கேக்கேல்லை.

கடைக்குள்ள சுவர் நீளத்துக்கு வரிசையா நெருப்பு எரியும். ஒவ்வொண்டுக்கு முன்னாலயும் சாஞ்சிருக்க ஒரு செற்றி, ஒரு கம்பளம். நெருப்புக்கு மேல ஒரு மரத்தட்டு, அதில ஒரு மணிக்கூடு, பக்கத்தில பிளாஸ்ரிக் பூச்சாடி. ஒரு தெரு வீடுகளின்ர ஹோலை எல்லாம் வெட்டிக் கொண்டுவந்து வைச்ச மாதிரி இருக்கும், வீடுதான் இல்லை. பனிக்காலத்தில பின்னேரம் நாலரைக்கே இருட்டிப்போடும். வெளியில ஸ்னோ கொட்டேக்க கடைக் கண்ணாடியில எல்லா நெருப்பும் தெரியும். கார் நிப்பாட்டுற இடத்தில, ஸ்னோவுக்கு நடுவில நெருப்பு எரியிற மாதிரித் தோற்றும். சனம் இல்லாத நேரம் நான் அதையே பாத்துக்கொண்டு நிண்டிடுவன். அந்த ஸ்னோவுக்க, அந்த நெருப்புக்கு முன்னால, என்ர மனிசி வதனி இருந்து தலைமயிரைக் கோதுற மாதிரி ஒரு நினைப்பு வரும். மாரியோ பின்னால வந்து இருமினால்தான் கலையும்.

வதனி அப்ப கொழும்பில, தாயோட ஒரு லொட்ஜ் அறையில. கலியாணம் கட்டின கையோட நான் வெளிக்கிட்டு வந்திட்டன். அவவைக் கூப்பிடுற ஸ்பொன்சர் அலுவல் இழுபட்டுக்கொண்டு கிடந்தது. நான் இருந்தது டோர்செட் பார்க் பக்கம் ஒரு வீட்டின்ர பேஸ்மென்ரில. பேஸ்மென்ரில இருந்தவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. வீட்டைச் சூடாக்கிற ஃபர்னஸ் எங்கட தலைமாட்டில நிண்டு உறுமும். ஆனா அதைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்ராற் மேல, வீட்டுக்காரரின்ர சுவரில. பகல் முழுக்க நெருப்பு வித்துப்போட்டு வந்து ஜக்கெற்றோட படுப்பன். வதனி வந்தால் இந்தக் குளிருக்க அவவை எப்பிடி வைச்சிருக்கப் போறன் எண்டதுதான் எனக்கிருந்த ஒரே யோசனை. மிச்சம் எல்லாம் சிரிப்பும் பம்பலும்தான்.

மோர்மிளகாய்ப் பரீட்சை

விட்பியில புது வீடு வாங்கின ஒரு அன்ரி. புருசன் காரை நிப்பாட்டிப்போட்டு அதுக்குள்ளயே இருந்திட்டார். அன்ரி தனிய வந்தா, தோளில ஒரு பெரிய பாக். நான் வழக்கமான பாட்டைத் தொடங்கினன். இது விறகு, இது காஸ், இது சுவிச்சைத் தட்டினால் பத்தும், இதுக்குப் புகைக்கூடு தேவையில்லை, சுவரில ஒரு ஓட்டை போதும். அவ ஒண்டையும் காதில விழுத்தேல்லை. பாக்கைத் திறந்து ஒரு தட்டை எடுத்தா. தட்டில அரைவாசி காஞ்ச மோர்மிளகாய். அதைக் கொண்டுபோய் முதலாவது நெருப்புக்கு முன்னால வைச்சிட்டு, செற்றியில சாஞ்சு கண்ணை மூடிக்கொண்டா.

கொஞ்ச நேரத்தால எழும்பி ஒரு மிளகாயை நசிச்சுப் பாத்தா. திருப்தியில்லை. தட்டு அடுத்த நெருப்புக்கு மாறிச்சுது. பிறகு அதுக்கடுத்தது. வெள்ளைக்காரச் சனம் வந்து நிண்டு பாத்திட்டுப் போகுது. கடை முழுக்க மோர்மிளகாய் மணம். மாரியோ உள்ளயிருந்து ஓடி வந்தார், காஸ்தான் எங்கயோ கசியுது எண்டு நினைச்சு. நான் என்னத்தைச் சொல்ல? "கஸ்ரமர் சூட்டைச் சோதிக்கிறா" எண்டன். உண்மையும் அதுதானே! மனுசன் ஒரு மிளகாயைக் கையில எடுத்து மணந்து பாத்திட்டுத் தும்மித் தும்மி உள்ள போனார்.

கடைசியில அவ தெரிஞ்செடுத்தது மூலையில கிடந்த சின்ன மொடல். கறுப்புப் பெட்டி, ஒரு சோடனையும் இல்லை. கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரிப் பளபளக்கிற மாபிள் வைச்ச ஒண்டைக் காட்டி, "அன்ரி, ஹோலுக்கு இதெல்லோ வடிவு" எண்டன். தட்டைத் துணியால மூடி பாக்குக்குள்ள வைச்சுக்கொண்டே சொன்னா: "மாபிளை நீர் வைச்சுக்கொள்ளும், தம்பி. இந்த நாட்டில சித்திரை வரைக்கும் வெய்யில் இல்லை. எனக்கு வெய்யில் தாற பெட்டி இதுதான்."

ஒட்டகத்தின்ர கழுத்து

யோசேப்பு அங்கிள் மன்னார் ஆள். வந்ததும் வராததுமாப் பொக்கெற்றுக்குள்ளயிருந்து அளக்கிற நாடாவை எடுத்தார். எல்லாரும் வெளிப்பக்கம் பாப்பினம், கல்லைத் தடவுவினம். இவர் முழங்காலில நிண்டு உள்பக்கத்தை அளக்கிறார். உயரம், அகலம், ஆழம். விசயம் தெரிஞ்ச மனுசன், ஏதும் நுணுக்கமாக் கேட்டால் என்ர குட்டு வெளிச்சுப்போகும் எண்டு மாரியோ எங்க நிக்கிறார் எண்டு பாத்தன்.

அங்கிள் மற்றப் பொக்கெற்றுக்குள்ளயிருந்து கைலேஞ்சியில சுத்தின ஒரு சாமானை எடுத்து, பக்குவமாப் பிரிச்சார். ஒரு மண் ஒட்டகம். அதைக் கொண்டுபோய் ஃபயர்பிளேசுக்குள்ள வைச்சார். தலை மேல தட்டிச்சுது. "கழுத்து இடிக்குது, தம்பி. இதைவிடப் பெரிசு காட்டும்." பிறகுதான் விளங்கிச்சுது. மனுசன் தேடினது நெருப்புக்கு இடம் இல்லை, கிறிஸ்மசுக்குப் பாலன் குடில் வைக்க ஒரு குகை. அபார்ட்மென்ரில இவ்வளவு காலமும் ரீவிக்கு மேல வைச்சவையாம். ரீவியில மல்யுத்தம் போக, மேல மாதாவும் சூசையப்பரும் நடுங்கிக்கொண்டு நிண்டவையாம். கடையில கிடந்ததிலயே பெரிய விறகு ஃபயர்பிளேசை எடுத்தார். காஸ் பூட்டினதெண்டால் உள்ள குழாய் நிக்கும், ஆட்டுக்குட்டிக்கு இடம் காணாது.

விறகு எப்பிடி அடுக்கிறது, சாம்பல் எப்பிடி அள்ளுறது எண்டு நான் ஒரு பிரசங்கமே வைச்சன். பவ்வியமாக் கேட்டுக்கொண்டு நிண்டார். பிறகு மாசி மாதக் கடும் குளிருக்க ஒருநாள் கடைப்பக்கம் வந்தவரிட்ட, "எப்பிடி அங்கிள், நல்லா எரியுதோ?" எண்டு கேட்டன். தொப்பியைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு சொன்னார்: "மார்கழியில பாலன் இருந்தார். தையில மூண்டு ராசாக்கள் வந்தினம். எல்லாரையும் எடுத்து வைச்சாப்பிறகு, சுவாமி கிடந்த இடத்தில என்னெண்டு விறகைப் போடுறது எண்டு மனிசி நிக்கிறா. நாங்கள் பழையபடி கம்பளியோடதான் இருக்கிறம், தம்பி."

ஒரு கோட், மூண்டு பெடியள்

டோர்செட் பார்க் அபார்ட்மென்ருகளில இருந்து மூண்டு பெடியள் ஒரு சனிக்கிழமை வந்தாங்கள். மூண்டு பேரும் ஒரே அறையில இருக்கிற ஆக்கள், ரெஸ்ரோரன்ரில கோப்பை கழுவுற வேலை. "ஃபயர்பிளேஸ் பாக்கோணும் அண்ணை" எண்டாங்கள். பாருங்கோ எண்டன். ஒருத்தன் கோட்டுக்குள்ளயிருந்து கமராவை எடுத்தான். ஒருத்தன் சீப்பை எடுத்துத் தலை இழுத்தான். மூண்டாவது ஆள்தான் கெட்டிக்காரன். வரிசையில நடுவில கிடந்த செற்றிக்கு முன்னால போய், மரத்தட்டில தொங்கின மஞ்சள் விலைத்துண்டைப் பின்னால மடிச்சு விட்டான்.

பிறகென்ன, ஒரு கோட்டை மூண்டு பேரும் மாறி மாறிப் போட்டு, நெருப்புக்கு முன்னால கால் மேல கால் போட்டுக்கொண்டு படம். ஒருத்தன் மணிக்கூட்டைத் திருகிற மாதிரி. ஒருத்தன் பிளாஸ்ரிக் பூவுக்குத் தண்ணி ஊத்திற மாதிரி. ஊருக்கு அனுப்பத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கவலையாவும் இருந்தது. மாரியோ வந்து, உங்கட ஆக்கள் நெருப்பு வாங்க வருகினமோ, படம் எடுக்க வருகினமோ எண்டு கத்தத் தொடங்க, அந்தக் கெட்டிக்காரன் ஓடிப்போய் விலைத்துண்டைப் பழையபடி இழுத்து விட்டான். எல்லாரும் வெளிக்கிட்டாங்கள்.

வாசலில நிண்டு கமராக்காரன் திரும்பினான். அவன்ர முகத்தில உண்மையான பாசம். "அண்ணை, ஒரு படம் மிச்சம் கிடக்கு. வீணாப் போகப்போகுது, கெதியா ஓடிப்போய் நெருப்புக்கு முன்னால நில்லுங்கோ, அண்ணிக்கு அனுப்பலாம்!"

கொழும்பில ஒரு ஹோல்

நானும் ஓடிப்போய் நிண்ட அந்தப் படத்தைக் கழுவிக் கொண்டுவந்தும் தந்தாங்கள். நானே ஒரு நிமிசம் என்னை நம்பிப்போனன், அவ்வளவு நல்லா வந்திருந்தது. அண்டைக்கெண்டு தெரிஞ்ச ஒருத்தர் கொழும்புக்கு வெளிக்கிட்டு நிண்டார். அவசரத்தில ஒரு வரி எழுதக்கூட நேரமில்லை, படத்தை மட்டும் என்வலப்பில போட்டுக் குடுத்துவிட்டன். அங்கதான் வந்தது வினை. மாமி வதனியைக் கூட்டிக்கொண்டு போய், அந்தப் படத்தைக் கண்ட கண்ட ஆக்களுக்கெல்லாம் காட்டுவிக்கிறாவாம். மருமோன்ர ஹோல், மருமோன்ர செற்றி, மருமோன்ர நெருப்பு. மணிக்கூட்டையும் விடேல்லையாம்.

வெள்ளவத்தையில ஒரு கொமியூனிகேசன் கடை. அங்க வதனி வந்து நிக்க நான் ரெலிஃபோன் கார்ட் போட்டுக் கோல் எடுப்பன். படம் போய்ச் சேந்தாப்பிறகு எடுத்த முதல் கோலிலயே விசயத்தைச் சொன்னன், "இஞ்ச பாரும், அது என்ர வீடில்லை. நான் வேலை செய்யிற கடை." அவ சிரிச்சா. கலகலவெண்டு, லைனே அதிரிற மாதிரி. எனக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு பிடிக்கும் எண்டு சொல்லேலாது. ஆனா அண்டைக்கு, நான் சொன்னதை அவ நம்பேல்லை எண்டுதான் எனக்குப் பட்டது. அதுக்குப் பிறகு எடுத்த கோல் எல்லாத்திலயும், ஹோலில நெருப்பு எரியுதோ எண்டு அம்மா கேக்கச் சொல்லுறா எண்டு ஒரு கேள்வி வரும். நான் திருப்பித் திருப்பி விளங்கப்படுத்த வெளிக்கிட, கார்ட் முடிஞ்சுபோகும்.

இவவும் நம்பிக்கொண்டுதான் வரப்போறா. படி இறங்கி, யன்னல் இல்லாத அறைக்க வந்து நிண்டு சுத்திப் பாக்கப்போறா. அந்த முகத்தை நினைச்சு நினைச்சு நான் செத்தன். முதல்முதல் அண்டைக்கு அவ சொன்னது இண்டைக்கும் காதில நிக்குது: "பகிடி விடாதேங்கோ. அம்மா பக்கத்தில நிக்கிறா, கேட்டால் என்ன நினைப்பா?"

நித்திரை வந்த இடம்

வதனிக்கு விசா வந்திட்டுது எண்டு தெரிஞ்ச கிழமை யூனியன்வில்லில இருந்து ஒரு புருசன் பெண்சாதி வந்தினம். புருசன் விடியப்புறம் பேக்கரியில, பின்னேரம் ஃபாக்ரறியில. கண் ரெண்டும் சிவந்து கிடந்தது. மனிசிதான் கேள்வி கேட்டா. மூண்டாவதா ஒண்டைக் காட்டிப்போட்டு நாலாவதுக்குத் திரும்பினால் ஆளைக் காணேல்லை. பாத்தால், அந்த மூண்டாவது செற்றியில வாயைத் திறந்து குறட்டை.

நான் எழுப்பப் போனன். மனிசி கையைக் காட்டித் தடுத்தா. அவவும் பக்கத்துச் செற்றியில இருந்தா. நான் ஒரு கரையில நிண்டன். மாரியோ எட்டிப் பாத்திட்டுத் தானாவே றேடியோவைக் குறைச்சார். வெளியில ஸ்னோ விழுந்துகொண்டிருக்கு, உள்ள நெருப்புகள் அசையுது, ஒரு மனுசன் ஆறுதலா மூச்சு விடுறார். கடை எண்டதே மறந்துபோச்சு. எனக்கு ஒரு வீடு இருந்து, அதில இப்பிடி நான் நித்திரை கொள்ள, பக்கத்தில வதனி இருக்கிற மாதிரி யோசிச்சுக்கொண்டு நிண்டன். எவ்வளவு நேரமோ தெரியாது.

கடைசியில அந்த மனிசி எழும்பி வந்து, புருசன் முழிச்சிடக் கூடாது எண்டு என்ர காதுக்குக் கிட்டக் குனிஞ்சு சொன்னா: "வேற ஒண்டும் காட்ட வேண்டாம், தம்பி. இந்த மனுசன் எதுக்கு முன்னால கண்ணை மூடினாரோ அதையே கட்டித் தாரும்."

மேல்வீட்டு நெருப்பு

என்ர வீட்டுக்காரர் குணம் அண்ணையைப் பற்றிச் சொல்லோணும். தங்கமான மனுசன், ஃபர்னஸ் எண்ட சொல்லைக் கேக்கிற வரைக்கும். ஃபர்னஸ் ஓடினால் காசு கரையும் எண்டு, மேல சுவரில இருக்கிற தெர்மோஸ்ராற்றுக்கு ஒரு பிளாஸ்ரிக் பெட்டி போட்டு, அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டு, திறப்பைக் கழுத்துச் சங்கிலியில கொழுவியிருந்தார். குளிக்கேக்கயும் கழட்டமாட்டார் எண்டு அவற்ற மனிசியே எனக்குச் சொல்லியிருக்கிறா. அந்தக் குணம் அண்ணை ஒருநாள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு எங்கட கடைக்கு வந்து நிக்கிறார். ஹோலுக்கு ஒரு ஃபயர்பிளேஸ் வேணுமாம்.

எனக்கு உடன விளங்கிச்சுது. தெர்மோஸ்ராற் இருக்கிறதும் அதே ஹோலில, ஃபயர்பிளேஸ் வரப்போற சுவருக்கு நேர் எதிரில. நெருப்பு எரியத் தெர்மோஸ்ராற் சூடாகும். வீடு முழுக்கச் சூடு எண்டு நினைச்சு அது ஃபர்னஸை நிப்பாட்டிப்போடும். மேல இருக்கிறவை வேர்த்து ஒழுக, கீழ இருக்கிறவன் விறைச்சுப் போவான். வதனிக்கு ரிக்கெற்றும் போட்டாச்சு. மாரியோ என்ர முதுகுக்குப் பின்னால நிண்டு சிரிச்சுக்கொண்டு நிக்கிறார். விக்கவும் வேணும், விக்கவும் கூடாது. இந்த மாதிரி இடத்தில நிண்ட ஆக்கள் உங்களுக்க ஆரும் இருந்தால் எனக்குச் சொல்லுங்கோ, ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுவம்.

முதலில நைசா, "அண்ணை, பேஸ்மென்ரில பூட்டினால் சூடு மேல ஏறி வீடு முழுக்கப் பரவும்" எண்டு பாத்தன். "வாற விசிட்டேர்ஸ் உம்மட கட்டிலில இருந்தோ நெருப்புப் பாக்கிறது?" எண்டார். வேற வழியில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுறதே மேல் எண்டு தெர்மோஸ்ராற் கதை முழுக்கச் சொன்னன். நெருப்பு எரியேக்க ஃபர்னஸ் ஓடாது அண்ணை, கீழ பேய்க்குளிர் குளிரும், நான் மனிசியையும் கூப்பிடப்போறன் எண்டு கெஞ்சாத குறை. தெர்மோஸ்ராற்றை நடைப்பக்கம் மாத்தினால் சரிவரும் எண்டும் சொன்னன். குணம் அண்ணை எல்லாத்தையும் கவனமாக் கேட்டார். கேக்கக் கேக்க முகம் மலர்ந்துகொண்டு வந்தது. கழுத்துச் சங்கிலியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "அப்ப ஃபர்னஸ் ஓடாது எண்டுறீர்? உதையெல்லோ நீர் முதல் சொல்லியிருக்க வேணும்! எழுதும் பில்லை."

அதே செற்றி

தை மாதம் வதனி வந்தா. எயார்ப்போட்டில அவவைக் கண்டதும் ஓடிப்போய் பாக்கை வாங்கினன். மெலிஞ்சிருந்தா. அந்தச் சிரிப்பு மட்டும் அப்பிடியே இருந்தது. வழி முழுக்கக் கார்க் கண்ணாடியால ஸ்னோவைப் பாத்துக்கொண்டு வந்தா. நான் அவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தன்.

படியால இறங்கினம். நான் ஏலுமான மட்டும் கூட்டித் துடைச்சு, சுவருக்கு ஒரு கம்பளமும் கொழுவி வைச்சிருந்தன். மேல குணம் அண்ணை நெருப்புக்கு முன்னால சாறத்தோடயும் பெனியனோடயும் இருந்து ரீவி பாத்துச் சிரிக்கிற சத்தம் கேக்குது. எங்கட தலைமாட்டு ஃபர்னஸ் மூச்சுக் காட்டேல்லை. வதனி சுத்திப் பாத்தா. கட்டில், சின்னக் குசினி, மேசை. பாத்து முடிக்க அதிக நேரம் தேவைப்படேல்லை. "குளிருதோ?" எண்டு கேட்டன். "இல்லையே" எண்டா, பல்லுக் கிட்டிக்கொண்டு. என்ர ஜக்கெற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி வைக்கப் போனா.

நெருப்பைப் பற்றி ஒரு கேள்வி கேக்கேல்லை. அண்டைக்கும் இல்லை, அந்தக் கிழமை முழுக்கவும் இல்லை. ஹோல் எங்க, செற்றி எங்க எண்டு கேட்டுப் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். நானாத் தொடங்குவம் எண்டு வாயைத் திறந்தால், வேற கதை எடுத்திடுவா. அவவுக்கு மனம் விட்டுப்போச்சு, வெளியில காட்டாமல் இருக்கிறா எண்டு நினைச்சன். ரெண்டு போர்வைக்குள்ள அவ நித்திரையில நடுங்கிறதைப் பாத்துக்கொண்டு கிடந்த நேரம், உந்தக் கண்டறியாத வேலையை விட்டிட்டு எங்கயாவது போவமோ எண்டு கூட யோசிச்சன்.

சனிக்கிழமை பின்னேரம் நான் வேலைக்கு வெளிக்கிட, "நானும் வாறன், கடையைக் காட்டுங்கோ" எண்டா. கூட்டிக்கொண்டு போனன். மாரியோ ஓடிவந்து கை குடுத்து, கோப்பி போட்டுத் தந்தார். வதனி கோப்பியோட வரிசையா எல்லா நெருப்பையும் பாத்துக்கொண்டு போனா. நடு செற்றிக்குக் கிட்ட வந்ததும், பழகின வீட்டுக்க போற மாதிரிப் போய் அதில இருந்தா. கம்பளித் தொப்பியைக் கழட்டித் தலைமயிரைக் கோதினா. ரெண்டு கையையும் நெருப்புக்கு நீட்டினா. நான் தற்செயலாக் கடைக் கண்ணாடிப் பக்கம் திரும்பினன். வெளியில இருட்டிப்போச்சு, ஸ்னோ கொட்டுது, ஸ்னோவுக்கு நடுவில நெருப்பு, நெருப்புக்கு முன்னால வதனி. எத்தினை பின்னேரம் நான் பாத்துக்கொண்டு நிண்டது, இப்ப அப்பிடியே இருக்கு.

கிட்டப்போய் இருந்து, "வதனி, அந்தப் படம்..." எண்டு தொடங்கினன். அவ என்னைப் பாக்கேல்லை, மரத்தட்டைப் பாத்துக்கொண்டிருந்தா. எழும்பி, அதில தொங்கின மஞ்சள் விலைத்துண்டை விரலால ஒருக்கால் ஆட்டிவிட்டா. "இதுதான் அது" எண்டா. எது எண்டன். "படத்தில உங்கட காதுக்குப் பக்கத்தில தொங்கினது. என்வலப்பைப் பிரிச்ச உடனயே கண்டிட்டன், கடை எண்டு." அப்ப ஏன் ரெலிஃபோனில அப்பிடிச் சிரிச்சனீர் எண்டு கேட்டன்.

வதனி திரும்ப வந்து பக்கத்தில இருந்தா. பிறகு மெல்லமாச் சொன்னா, சண்டையில ஊரில வீடு போனாப்பிறகு அம்மா லொட்ஜ் அறையில சுவரைப் பாத்துக்கொண்டே இருந்தவவாம், அந்தப் படம் வந்தாப்பிறகுதான் வெளியில போய் நாலு பேரோட கதைக்கத் தொடங்கினவவாம். எனக்குக் கண்ணால தண்ணி ஓடிச்சுது, கஸ்ரமர் நிக்கினமோ எண்டு கூடப் பாக்கேல்லை. வதனி என்ர முகத்தைத் தன்ர தொப்பியால துடைச்சுவிட்டுப்போட்டு, அந்தச் சிரிப்புச் சிரிச்சுக்கொண்டு சொன்னா: "நான்தான் படத்தைக் கையில வைச்சு, பெருவிரலால விலைத்துண்டை மறைச்சுப் பிடிச்சுக்கொண்டு எல்லாருக்கும் காட்டினனான். அம்மா இண்டைக்கும் அது உங்கட ஹோல் எண்டுதான் இருக்கிறா. நீங்கள் வாயைத் திறந்திடாதேங்கோ."

அதுக்குப் பிறகு அந்தக் கடையில நான் எத்தினையோ பேருக்கு நெருப்பு வித்தன், ஆனா ஆர் கமராவைத் தூக்கினாலும் முதலில ஓடிப்போய் விலைத்துண்டைப் பின்னால மடிச்சு விடுறதுதான் உந்தத் தொழிலில நான் உருப்படியாப் பழகின ஒரே வேலை.